மரம் மறையும் மரச்சிற்பம்: அன்றாடப் பொருள்களின் போலச்செய்தலும் கண்மயக்கும்

திறவுச்சொற்கள்: கண்மயக்கு, போலச்செய்தல், மரச்சிற்பம், கீஸ்பிரெக்ட்ஸ், வார்ஹோல், காசில்

முன்னுரை

ஒன்றைக் கண்டு மற்றொன்றெனக் கருதுவதைத் தமிழ் அணியிலக்கணம் மயக்க அணி என்னும். கவிதையில் மயங்குபவர் கவிதைக்குள் இருக்கும் ஒருவர், படிப்பவர் மயங்குவதில்லை. மேலைக் கலைமரபு 'த்ரோம்ப் லோய்' என வழங்கும் கண்மயக்குக் கலையில் மயங்குபவர் பார்வையாளரே. மரத்தால் அன்றாடப் பொருள்களைப் போலச்செய்யும் சிற்பங்களில் இம்மயக்கம் எவ்வாறு உருவாகிறது, அது எதனால் கலைகிறது என்பதை மூன்று படைப்புகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

ஓவியத்திலிருந்து பொருளுக்கு

தட்டையான ஓவியம் தரும் மயக்கம் பார்வையாளர் சற்றே பக்கவாட்டில் நகர்ந்தாலும் குலைந்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் பிளெமியக் கலைஞர் கார்னீலியஸ் கீஸ்பிரெக்ட்ஸ் இவ்வரம்பைக் கடக்க முயன்றார். டென்மார்க் அரசவைக்காகப் பணியாற்றிய காலத்தில், ஓவியத்தாங்கி ஒன்றை அதன் உருவிலேயே வெட்டிய பலகையில் தீட்டினார். செவ்வகச் சட்டம் நீங்கியதால், அப்படைப்பு சுவரில் தொங்கும் படமாக இல்லாமல் அறையில் நிற்கும் பொருளாகவே தோன்றியது. எனினும் அதன் கனம் வண்ணத்தால் காட்டப்பட்டதேயன்றி உண்மையானதன்று. முப்பரிமாணச் சிற்பத்திலோ பார்வையாளர் சுற்றி வந்து நோக்கினாலும் மயக்கம் நிலைக்கிறது.

வண்ணத்தைச் சேர்த்தல்

ஆண்டி வார்ஹோலின் 'பிரில்லோ பெட்டிகள்' 1964இல் நியூயார்க்கின் ஸ்டேபிள் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பாத்திரம் துலக்கும் சோப்புக் கம்பிநாரை அடைத்துக் கடைகளுக்கு அனுப்பும் அட்டைப்பெட்டியே இவற்றின் மூலம். தச்சர் செய்து தந்த பிளைவுட் பெட்டிகளுக்கு வெண்ணிறம் பூசி, அதன்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் எழுத்துகளும் வடிவங்களும் பதிக்கப்பட்டன. மரத்தின் இயல்பு வண்ணத்தின் அடியில் மறைந்தது. கிடங்கில் இருப்பது போல அடுக்கி வைத்தமையும் மயக்கத்திற்குத் துணைநின்றது.

மூலப் பெட்டியை வடிவமைத்த ஜேம்ஸ் ஹார்வியும் ஓர் ஓவியரே. அவ்வாறாயின் கடைப்பெட்டி வணிகப்பொருளாகவும், அதன் போலி கலையாகவும் ஆவது எங்ஙனம்? கண்ணால் மட்டும் இவ்வேறுபாட்டைக் காண இயலாது என்பதிலிருந்தே ஆர்தர் டான்டோ தம் கலைத்தத்துவத்தை வளர்த்தார். இவ்வினா தத்துவத்தோடு நிற்கவில்லை. 1965இல் வார்ஹோலின் பெட்டிகள் டொரொண்டோவுக்கு வரவழைக்கப்பட்டபோது, அவற்றைச் சிற்பமாக ஏற்காத கனடியச் சுங்கத்துறை, வணிகச் சரக்குக்குரிய 20 விழுக்காட்டுத் தீர்வையைக் கோரியது. கனடாவின் தேசியக் கலைக்கூட இயக்குநரும் அவை சிற்பமல்ல என்றே கருதினார். போலச்செய்தல் முழுமையடைந்தமையே அப்பெட்டிகளின் கலைத்தகுதிக்கு எதிரான சான்றாயிற்று.

வண்ணத்தை நீக்குதல்

வெண்டெல் காசிலின் 'பேய்க் கடிகாரம்' (1985) இதற்கு மறுதலையான முறையில் அமைந்தது. வெண்துணி போர்த்திக் கயிற்றால் கட்டிய ஆளுயரக் கடிகாரமாக அது தோன்றும். உள்ளே கடிகாரமும் இல்லை. மேலே துணியும் இல்லை. ஒட்டி இணைத்த மஹோகனி மரத்திலிருந்தே துணியின் மடிப்புகளும் கயிறும் செதுக்கப்பட்டுள்ளன. துணியாகத் தோன்றும் பகுதி வெண்பூச்சு பெறவில்லை. மரத்தின் நிறம் நீக்கி வெளுக்கப்பட்டது. கீழே தெரியும் கடிகாரப் பகுதி மரநிறத்திலேயே விடப்பட்டமையால், அதனருகே வெண்மை துணியாகவே புலப்படுகிறது. மரத்தை மரமாகக் காட்டும் பகுதியே, மரத்தைத் துணியென நம்பவும் செய்கிறது.

முடிவுரை

சுற்றி வந்தாலும் குலையாத இம்மயக்கம் தொட்டால் கலைந்துவிடும். ஆனால் அருங்காட்சியகம் தொடுவதைத் தடுக்கிறது. எனவே இதனைக் கலைக்கும் பணி, 'மரம்' எனக் குறிக்கும் விளக்கப்பலகையிடம் சேர்கிறது. அதைப் படித்த பின்னரும் கண் துணியையே காண்கிறது. அறிவு மட்டும் மரம் என்கிறது. முழுதும் ஏமாறியவர் வெறும் பெட்டியைக் கண்டு கடந்துபோவார். சிறிதும் ஏமாறாதவர் மரவேலையின் நேர்த்தியை மட்டும் காண்பார். காட்சியும் அறிவும் ஒரே நேரத்தில் முரண்பட்டு நிற்பதை உணர்பவருக்கே இச்சிற்பம் கலையாகிறது. கனடியச் சுங்கத்துறை தேடிய வேறுபாடும் பெட்டியின் புறத்தோற்றத்தில் இல்லை, இம்முரணில்தான் உள்ளது.