எலக்ட்ரோலிசிஸ்: ஊசியைப் பார்த்துவிட்டு முகத்தைக் கொடுங்கள்

நாடியிலும் மேலுதட்டிலும் வளரும் முடியை எலக்ட்ரோலிசிஸ் மூலம் நிரந்தரமாக அகற்றலாமா, அதில் ஆபத்து உண்டா என்று ஹட்டன், நுவரெலியா பகுதிச் சகோதரிகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் இக்கேள்வி அவசரமாகிவிடுகிறது. வைத்தியரிடம் கேட்க வெட்கப்பட்டு, சலூனில் சொல்வதை மட்டும் நம்புவோர் இருப்பதால் இதை எழுதுகிறேன். மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டறியுங்கள். நான் பேசுவது உடல் பாதுகாப்பைப் பற்றி மட்டுமே.

இது பழைய முறை. கண்ணை உறுத்தும் இமை முடிகளை இவ்வாறு அகற்றலாம் என்று அமெரிக்கக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிஷெல் 1875இல் எழுதினார். மிக நுண்ணிய ஊசியை முடிக்குழிக்குள் செலுத்தி, சிறிதளவு மின்சாரம் பாய்ச்சி வேரை அழிப்பார்கள். ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எல்லா முடிகளும் ஒரே காலத்தில் வளர்வதில்லை என்பதால், மாதக்கணக்கில் பல தடவைகள் செல்ல நேரும். ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

முறையாகச் செய்தால் இது பாதுகாப்பானதே. அதிகம் கவனிக்க வேண்டியது ஊசியை. ஒருவருக்குப் பாவித்த ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி போன்ற ஈரல் நோய்கள் தொற்றலாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். ஸ்பிரிட்டில் துடைத்த ஊசி சுத்தமான ஊசி ஆகாது. இலங்கையின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாதிருக்கலாம்.

அடுத்தது தோல். கை தேறாதவர் செய்தால் தழும்பும் கருமையும் தங்கிவிடும். காயம் தடித்து வளரும் தன்மையுள்ளோர், நீரிழிவு நோயாளர், கர்ப்பிணிகள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மச்சத்தின் மேல் செய்யக்கூடாது. தோட்டத்தில் வெயிலில் நிற்பவர்கள் சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் முகத்தை மறைத்துக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, முடி ஏன் வளர்கிறது என்பது. மாதவிடாய் ஒழுங்கின்மை, உடல் எடை கூடுதல், முகப்பரு ஆகியவையும் இருந்தால் பிசிஓஎஸ் என்ற சூலகக் கோளாறாக இருக்கலாம். கம்பஹாவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், 15 முதல் 39 வயது வரையான பெண்களில் 6.3 வீதமானோருக்கு அது காணப்பட்டது. அதைக் கவனிக்காமல் முடியை மட்டும் அகற்றினால் புதிய முடிகள் வந்துகொண்டே இருக்கும். பிற்காலத்தில் நீரிழிவும் வரலாம். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இதை இலவசமாகவே காட்டலாம். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை.

சிகிச்சைக்குச் சென்றால், முத்திரையிட்ட புதிய ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். புதிய கையுறை அணிகிறாரா என்று பாருங்கள். செய்பவர் தன்னை வைத்தியர் என்றால், இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா என்று விசாரியுங்கள். ஓரிரு நாள் சிவத்தலும் சிறு பொருக்கும் சாதாரணம். சீழ், பரவும் வீக்கம், காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாரங்கள் கழித்துக் கண் மஞ்சளானாலும் ஊசி குத்தியதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தாய்மாரே, மகளின் முகத்தைக் குறை சொல்வதை விட்டு, அவளை முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.