எட்டிக்காய் காட்டிக் கொடுத்த புரதம்

எங்கள் பேராவூரணிப் பக்கம் எட்டி மரத்தை அறியாதவர் குறைவு. பழம் பார்வைக்குச் சிறிய ஆரஞ்சு போல் அழகாக இருக்கும். ஆனால் ஆடு மேய்க்கும் சிறுவன்கூட அதை வாயில் வைக்க மாட்டான். உள்ளே சட்டைப் பொத்தான் போன்ற தட்டையான விதைகள். அவற்றில்தான் ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. எட்டி இனத்து விதையிலிருந்து இதை முதன்முதலில், 1818இல், பிரித்தெடுத்தவர்கள் பெல்த்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர். நரம்பு மண்டலத்தில் மறைந்திருந்த ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்க இந்த நஞ்சே துணை நின்றது. அந்தக் கதையைக் காண்போம்.

எட்டி நஞ்சு உண்டவன் சோர்ந்து விழுவதில்லை. தசைகள் விறைத்து உடல் வில்லாக வளையும். கதவு சாத்தும் ஓசை கேட்டாலும் போதும், வலிப்பு வந்துவிடும். ஏன் இப்படி? நாம் முழங்கையை மடக்கும்போது முன்புறத் தசை சுருங்குகிறது. அதே வேளையில் பின்புறத் தசை தளர வேண்டும். ‘நீ சும்மா இரு’ என்று அத்தசைக்குரிய நரம்பணுவிடம் சொல்லும் வேலையைத் தண்டுவடத்தில் கிளைசின் என்னும் எளிய அமினோ அமிலம் செய்கிறது. இரண்டு நரம்பணுக்கள் செய்தி மாற்றிக்கொள்ளும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். அங்கே ஏறக்குறைய 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.) கிளைசின் இவ்விடைவெளியைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. ஸ்ட்ரிக்னினோ அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. பிறகு பிரேக் இல்லாத பஸ்தான்!

ஏற்பியை இவ்வளவு இறுக்கமாகப் பற்றும் பொருள் நல்ல தூண்டில் இரையாகவும் பயன்படும் அல்லவா? 1982இல் மேற்கு ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பெட்ஸ் குழுவினர் இதைத்தான் செய்தனர். ஸ்ட்ரிக்னின் வகைப் பொருளைச் சிறு மணிகளில் பிணைத்து, எலியின் தண்டுவடச் சவ்வைக் கரைத்து அவற்றின்மீது ஊற்றினர். ஏற்பி சிக்கியது. ஆனால் சிக்கியவை மூன்று புரதங்கள். 48,000, 58,000 டால்டன் எடையுள்ள இரண்டும் ஏற்பியின் உறுப்புகள். மூன்றாவது, 93,000 டால்டன் எடையுள்ளது, ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. மீனோடு வந்த பாசி என்று அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவர்கள் எறியவில்லை.

பின்னர் அதற்கு ஜெஃபைரின் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் பாலம் என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். என்னைக் கேட்டால் நம் கொத்தனார் கட்டும் ‘சாரம்’ இன்னும் பொருத்தமான உவமை. ஏற்பிகள் சவ்வில் நகரக்கூடியவை. அவற்றைச் சவ்வின் உட்புறத்திலிருந்து சினாப்ஸுக்கு நேராகப் பிடித்து நிறுத்துவது இப்புரதமே. 1998இல் இப்புரதமே இல்லாத எலிக்குஞ்சுகளை உருவாக்கிப் பார்த்தனர். ஏற்பிகள் சினாப்ஸில் கூடவில்லை. குஞ்சுகள் பிறந்த ஒரு நாளுக்குள் இறந்தன.

இவ்வளவு சிறிய பொருள் இருக்குமிடத்தை எப்படி அறிவது? இங்கேதான் எதிர்ப்பொருள் வருகிறது. அன்னியப் புரதம் உடலில் புகுந்தால் அதன் ஒரு சிறு பகுதியை அடையாளம் கண்டு பற்றும் எதிர்ப்பொருள்களை இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை உண்டாக்குகிறது. அத்தகைய அணு ஒன்றைப் புற்றணுவுடன் இணைத்தால், ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் அணுக்குலம் கிடைக்கும். 1975இல் கோலர், மில்ஸ்டைன் இருவரும் கண்ட இந்த முறைக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1984இல் பெட்ஸ் குழுவினர் வெளியிட்ட எதிர்ப்பொருள்களில் ஒன்றுதான் ‘7ஏ’. அது பற்றியது அந்த 93,000 டால்டன் புரதத்தை.

எதிர்ப்பொருள் தானாக ஒளிராது. அதைப் பற்றக்கூடிய மற்றோர் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தை ஏற்றிச் சேர்க்கிறார்கள். நீல ஒளி பட்டால் பச்சை ஒளி வரும். நரம்பணுவின்மேல் பச்சைப் புள்ளிகள் தெரியும். இயற்பியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளியின் அலைநீளம் காரணமாக, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் எந்தப் புள்ளியும் சுமார் 200 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியே தெரியும். 20 நானோமீட்டர் இடைவெளியின் எந்தக் கரையில் புரதம் இருக்கிறது என்று அது சொல்லாது. 1985இல் 7ஏ-யை எலக்ட்ரான் நுண்ணோக்கியுடன் சேர்த்துப் பயன்படுத்தியபோதுதான், புரதம் செய்தி பெறும் நரம்பணுவின் சவ்வுக்கு உட்புறம் இருப்பது தெரிந்தது.

கால் நூற்றாண்டுக்கு மேல் ஆய்வகங்கள் பலவற்றில் 7ஏ காட்டிய புள்ளியே ஜெஃபைரின் என்று கொள்ளப்பட்டது. 2012இல் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள் ஒரு குண்டைப் போட்டனர். ஜெஃபைரினின் அமினோ அமிலச் சங்கிலியில் 270ஆவது இடத்திலுள்ள செரினில் பாஸ்பேட் ஏறியிருந்தால்தான் 7ஏ அதைப் பற்றுகிறது! பாஸ்பேட்டை ஏற்றும் நொதியை அடக்கினால் 7ஏ-யின் புள்ளிகள் குறைந்தன. அப்படியானால், ‘இங்கே ஜெஃபைரின் குறைந்துவிட்டது’ என்று முன்பு எழுதிய இடங்களில் குறைந்தது புரதமா, பாஸ்பேட்டா? வோல்ட் மீட்டரின் முள் நகரவில்லை என்றதும் ‘மின்னழுத்தம் இல்லை’ என்று ஏட்டில் எழுதிவிடும் மாணவனிடம், கம்பி இணைப்பைப் பார்த்தாயா என்று கேட்கிறோமே, அதே கேள்விதான் இதுவும்.

இதனால் 7ஏ-யை யாரும் குப்பையில் போடவில்லை. அதன் வேலை மாறியது. ஜெஃபைரினின் வேறு பகுதியைப் பற்றும் இன்னோர் எதிர்ப்பொருளை வேறு நிறச் சாயத்துடன் கூடவே சேர்த்தால், புரதம் எவ்வளவு என்பதை அது சொல்லும்; அதில் பாஸ்பேட் ஏறியது எவ்வளவு என்பதை 7ஏ சொல்லும்.