பழந்துணியும் பழகிய நட்பும்

தபால் முத்திரை சேர்ப்போரையும் பழைய நாணயம் சேர்ப்போரையும் நாம் நன்கு அறிவோம். மாணவர் இருவர் தம்மிடம் இரட்டையாக உள்ள முத்திரைகளை மாற்றிக்கொள்வதும், அந்த மாற்றத்தினூடே நட்பு வேரூன்றுவதும் எங்கும் காணும் காட்சி. பழந்துணி சேர்ப்போரும் இவ்வினத்தவரே. எனினும் அவர்தம் பொழுதுபோக்கிலே ஒரு தனிச் சிறப்பும் ஓர் இடரும் உண்டு.

முத்திரை கடிதத்தோடு பயணம் செய்தது. துணியோ மனிதருடைய உடலோடு ஒட்டி வாழ்ந்தது. பாட்டியாரின் கூறைச்சேலை அவருடைய மணநாளை நினைவூட்டுகிறது; ஏணை கட்டிய பழஞ்சேலை ஒரு தாய் கண் விழித்த இரவுகளைச் சொல்கிறது. இது சிறப்பு. இடர் யாதெனில், பொற்காசு மண்ணுள் ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் கெடாது. துணியோ ஈரமும் வெயிலும் பூச்சியும் பட்டு, கவனிப்பார் இல்லையேல் இரண்டொரு தலைமுறைக்குள் இற்றுப்போகும். ஆதலின் பழந்துணிக்குப் பூட்டுப் போட்ட பெட்டியைக் காட்டிலும் இன்றியமையாதது, அதன் அருமையறிந்த இன்னொருவரின் துணையாகும்.

அயல்வீட்டு அலுமாரிகள்

கொழும்பு மாநகரின் மாளிகாவத்தையை எடுத்துக்கொள்வோம். மருதானைக்கு அணித்தான இப்பகுதியிலே, தொடர்மாடிகளிலும் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். தலைநகரின் இத்தகைய பகுதிகளில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர், மலாயர் ஆகியோரின் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதுண்டு. அவ்வீடுகளின் அலுமாரிகளை வரிசையாகத் திறந்து பார்க்க இயலுமாயின், இந்துமாக்கடலின் வரலாறு முழுவதும் மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஓர் அலுமாரியில் கட்டம் போட்ட பளையகாட் சாரம் இருக்கும். சென்னைக்கு வடக்கே, 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டித் துணி வாணிகம் செய்த பழவேற்காட்டின் பெயரே அச்சாரத்துக்கு வாய்த்தது. மற்றோர் அலுமாரியில் யாவாவின் பத்திக் துணி இருக்கக்கூடும். மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது என்னும் எளிய உண்மையின்மீது எழுந்த கலை அது. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இங்குள்ள மலாயருட் பலர். தமிழர் வீட்டிலே கூறைச்சேலை. மயிலாடுதுறையை அடுத்த கூறைநாடு, அச்சேலைக்கே பெயர்பெற்ற ஊர். சிங்களவர் வீட்டிலே, கண்டிச் சீமையின் தலகுனே போன்ற கிராமத்தில் நெய்த பருத்தித் துணி இருத்தல் கூடும்.

பெருநாளன்று வட்டிலப்பமும் தைத்திருநாளில் பொங்கலும் வீடு மாறிச் செல்வது நம்மவர் வழக்கம். அவ்வாறே அலுமாரியிலுள்ள ஒரு துணியைக் காட்டி, அதன் கதையைச் சொல்லி, அயலவரின் துணியையும் கதையையும் பெற்றுக்கொள்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கொழும்பிலேயே பிறந்த ஒரு தமிழரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

கொழும்பில் பிறந்த கலைமேதை

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. தாயார் ஆங்கிலப் பெண்மணி. இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் கற்று, இலங்கையின் கனிமங்களை ஆராயும் பணியை ஏற்றுத் தாய்நாடு திரும்பினார். உடன் வந்தவர் 1902இல் அவர் மணந்த எதெல் மேரி பாட்ரிஜ்.

கல்லை ஆராய வந்தவரின் கண், ஊர் ஊராகச் செல்லச் செல்லக் கைவினைஞரின் பக்கம் திரும்பியது. தறியும் தையலும் சாயமும் அழிந்து வருவதைக் கணவனும் மனைவியும் ஒருங்கே கண்டனர், ஒருங்கே வருந்தினர், ஒருங்கே சேகரித்தனர். எதெல் அம்மையார் பழைய சித்திரத்தையல்களை ஆராய்ந்தார்; புகைப்படங்கள் எடுத்துதவினார். இவ்வுழைப்பின் பயனாக 1908இல் வெளிவந்தது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். வில்லியம் மொரிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர் பயன்படுத்திய அச்சியந்திரத்திலே அச்சான அந்நூலின் பிரதிகள் 425 மட்டுமே.

பின்னாளில் இருவரும் மணவாழ்விலிருந்து பிரிந்தனர். ஆயினும் இங்கு அவர்கள் வளர்த்துக்கொண்ட துணிப் பற்று எவரையும் விட்டு நீங்கவில்லை. எதெல் அம்மையார் எதெல் மைரே என்னும் பெயருடன், இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்திலே தறி நாட்டினார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் அவர் எழுதிய நூல் சாயத்தொழில் பயில்வோர்க்கு வழிகாட்டியாயிற்று. தொழிற்கலை வடிவமைப்பாளருக்கு அந்நாடு வழங்கும் அரச விருதைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. குமாரசுவாமி 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் அருங்காட்சியகத்திற் சேர்ந்து, தம் வாழ்நாள் இறுதிவரை இந்தியக் கலைச்செல்வங்களைப் பேணிவந்தார்.

ஓர் உரையாடலின் விளைவு

1940களில், ஆமதாபாத்தின் ஆலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த கௌதம் சாராபாய் என்பாருடன் குமாரசுவாமி உரையாட நேர்ந்தது. இந்தியத் துணி வாணிகத்தின் பழம்பெரும் நகராகிய ஆமதாபாத்திலே துணிகளுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்னும் கருத்தைக் குமாரசுவாமி எடுத்துரைத்தார். கேட்டவர் மறக்கவில்லை. தம் சகோதரி கீரா சாராபாயுடன் கூடி, 1949இல் காலிக்கோ துணி அருங்காட்சியகத்தை நிறுவினார். இந்தியாவின் பழந்துணிகளைக் காண விழைவோர் இன்றும் நாடிச் செல்லும் இடம் அது. ஆனால் கருத்தை விதைத்தவர் அதனைக் காணவில்லை. 1947 செப்டெம்பரிலேயே குமாரசுவாமி காலமாகிவிட்டார்.

கைமாறியதால் பிழைத்தவை

பழந்துணி பற்றிய மற்றோர் உண்மை வியப்புக்குரியது. இந்தியாவில் நெய்யப்பட்ட மிகப் பழைய துணிகள் பல எஞ்சியிருப்பது இந்தியாவிலன்று. எகிப்தின் பழைய கெய்ரோவாகிய புஸ்தாத் முதலிய இடங்களில், குஜராத்திலிருந்து சென்ற அச்சுப் பருத்தித் துண்டுகள் வறண்ட மண்ணிலே கெடாதிருந்தன. பெர்சி நியூபெரி என்னும் அறிஞர் சேர்த்த ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் 1946இல் ஒக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு உரிமையாயின. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவிலே, தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைக் குலச்சொத்தாகப் போற்றி, சடங்குகளில் மட்டும் வெளியே எடுத்தனர். அவற்றுட் சில 14ஆம் நூற்றாண்டளவின. வாசனைத் திரவியங்களுக்கு மாற்றாகக் கடல் கடந்து சென்ற துணிகளே அவ்வாறு பிழைத்தன. சொந்த ஊரில் தங்கியவை உடுத்துக் கிழிந்து மறைந்தன.

கொழும்புத் தமிழர்க்கு இப்பாடத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் இந்நகரில் தமிழர் வீடுகள் தீக்கிரையானபோது, எத்தனையோ தாய்மாரின் கூறைச்சேலைகள் சாம்பலாயின. உயிர் பிழைத்ததே பெரிதென்றிருந்த அந்நாட்களில் சேலைக்காக அழுதவர் இரார். ஆண்டுகள் கழிந்து பேத்தியின் திருமணம் வரும்போதுதான் அவ்விழப்பு உறைக்கும். ஒரு குடும்பத்தின் நினைவையெல்லாம் ஒரே அலுமாரியில் வைப்பது தகாது. உறவினர் ஒருவரிடமோ அயலவர் ஒருவரிடமோ ஒரு துண்டேனும் இருப்பின், அது ஒருநாள் திரும்பி வரக்கூடும்.

மாற்றிக்கொள்வோர்க்குச் சில முறைகள்

இப்பொழுதுபோக்கை மேற்கொள்ள விரும்பும் மாணவரும் இல்லத்தரசியரும் சிலவற்றை மனங்கொள்ளல் நலம்.

முதலாவது, துணியுடன் ஒரு குறிப்பும் செல்லவேண்டும். உடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊரில் வாங்கியது, என்ன வைபவம் என்பவற்றைக் கடதாசியில் எழுதித் துணியின்கீழ் வைக்கவேண்டும். வரலாறு அறியாத துணி வெறுந்துணியே.

இரண்டாவது, முழுச் சேலையை மாற்றுவதற்காக வெட்டலாகாது. ஏற்கெனவே கிழிந்ததன் கரையையும் முந்தானையையும் பகிர்ந்துகொள்வதே முறை.

மூன்றாவது, பட்டை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிப்பின் வழியே இழை முறியும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, நிழலிற் காற்றாட விட்டு, வேறு வகையாக மடிக்கவேண்டும். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளே அடைக்கும். நன்கு துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியிற் சுற்றுவதே ஏற்றது. பூச்சி உருண்டை சரிகையிற் படலாகாது. வசம்பை அல்லது உலர்ந்த வேப்பிலையைச் சிறு பையிலிட்டு அருகில் வைக்கலாம்.

நான்காவது, பழஞ்சேலை வாங்க வருவோரிடம் எச்சரிக்கை வேண்டும். வெள்ளி இழையாலான பழஞ்சரிகைச் சேலைகள் எரிக்கப்பட்டு, வெள்ளி மட்டும் பிரித்தெடுக்கப்படுவதுண்டு. பல நாள் உழைத்து நெய்த சேலைக்குக் கிடைப்பது சாம்பலில் எஞ்சிய உலோகத்தின் விலையே.

பழைய காஞ்சிப் பட்டு கையிற் கிடைத்தால் அதன் கரையை உற்று நோக்குக. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய், இழை இழையாகக் கோக்கப்பட்டிருப்பின் அது கோர்வை எனப்படும். அதை நெய்ய ஒருவர் போதாது. தறியில் நெசவாளியும், கரை நாடாவைத் தள்ள மற்றொருவரும் வேண்டும். இருவர் கை கூடி உருவாக்கியதைப் பேணவும் இருவரேனும் வேண்டும். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு முதியோரிடம் ஒரு பழந்துணியின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின் அதனை எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குச் செல்லுங்கள்.