கணுவின் வகையறிந்து எழுத்தை மாற்றுதல்

இணையத்தில் தமிழ் காலூன்றிய தொடக்க ஆண்டுகளில் எழுத்துக்குறி முறைகள் பல வழங்கின. அவற்றுள் திஸ்கி என்பது பல நாட்டுத் தமிழார்வலர் மின்னஞ்சல் வழியே கலந்து ஆய்ந்து வகுத்த முறையாகும். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இதற்கு இடமளித்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பழந்தமிழ் நூல்களை இம்முறையில் வெளியிட்டது. இன்றோ யூனிகோடு முறையே எங்கும் நிலவுகிறது. ஆதலின், மாற்றப்படாத பழைய பக்கமொன்றை மேருவில் ஒருவர் திறந்தால், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற அயலெழுத்துகளே தோன்றும்.

இதற்குரிய மருந்து, பக்கத்திலுள்ள எழுத்துகளை மட்டும் யூனிகோடாக மாற்றும் சிறு நிரல். 'மட்டும்' என்னும் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

உலாவி ஒரு பக்கத்தை மரமாகக் கொள்கிறது. அம்மரத்தின் ஒவ்வோர் உறுப்பும் கணு எனப்படும். 1998 அக்டோபரில் வெளியான பொது விதிப்படி, ஒவ்வொரு கணுவுக்கும் வகையெண் உண்டு: பத்தி, தலைப்பு முதலிய கூறுகளுக்கு 1, எழுத்துக்கு 3, குறிப்புரைக்கு 8, முழு ஆவணத்துக்கு 9. கூறுக்கணுவுக்குத் தனக்கென எழுத்துமதிப்பு இல்லை. அதனை எழுத்தெனக் கருதி மாற்ற முயன்றால் நிரல் பிழைபட்டு நின்றுவிடும். எஞ்சிய பக்கம் மாறாமலே கிடக்கும்.

விதி ஒன்றாயினும் உலாவிகள் ஒன்றாய் நடக்கவில்லை. பிற உலாவிகள் எண் 3-க்கு 'டெக்ஸ்ட் நோட்' என்ற பெயரையும் வழங்கின. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் எட்டாம் பதிப்பு வரை அப்பெயர் இல்லை. பெயரைச் சொல்லி வினவிய நிரல் அங்கே முறிந்தது. எண்ணைக் கொண்டு வினவிய நிரலோ எங்கும் ஓடியது. மேலும், கூறுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் பிற உலாவிகள் எழுத்துக்கணுவாக எண்ண, எக்ஸ்புளோரரின் அப்பதிப்புகள் அதனை விட்டுவிட்டன. எனவே 'முதற்குழந்தை' எது என்பதே உலாவிக்கு உலாவி வேறுபட்டது. வரிசையை நம்பாமல் ஒவ்வொரு கணுவின் வகையையும் கேட்டறிவதே தக்க வழியாயிற்று.

2022 ஜூனில் மைக்ரோசாப்ட் எக்ஸ்புளோரருக்கு ஓய்வளித்தது. ஆயினும் வகையறியும் தேவை ஓயவில்லை. நிரலின் உள்ளுரையும் நடைவிதியின் உள்ளுரையும்கூட எண் 3 பெற்றவையே. ஆகவே எண்ணை அறிந்தபின் தாய்க்கணுவையும் பார்த்தல் வேண்டும்.

தமிழுக்கென இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொ' என்பது திஸ்கியில் ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்ற கண்காண் வரிசையில் நிற்கும். யூனிகோடில் ககரமே முதலில் வரும். முதலெழுத்தை வண்ணப்படுத்தும் குறி, கொம்பை ஒரு கணுவிலும் ககரத்தை மற்றொன்றிலும் பிரித்து வைத்திருந்தால், கணுக்களைத் தனித்தனியே மாற்றும் நிரல் அச்சொல்லைச் சிதைத்துவிடும். அத்தகைய இடங்களில் அடுத்த எழுத்துக்கணுவையும் சேர்த்து நோக்கியபின்பே மாற்ற வேண்டும். பழைய பக்கங்களில் உழைத்தோரின் தமிழ் பிழையின்றி அடுத்த தலைமுறைக்குச் சேர்வது இச்சிறு சோதனைகளைப் பொறுத்தது.