மளிகைப் பைக்கும் ஓட்டு உண்டு!

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அக்டோபர் பிறந்ததும், அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்து வாக்காளர்களுக்குத் தபாலில் ஓட்டுச் சீட்டு வந்துவிடும். சாவடி வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டாம். ராத்திரி சமையல் வேலை ஒழிந்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாவகாசமாக நிரப்பலாம்.

"அடடா, எவ்வளவு சௌகரியம்!" என்கிறீர்களா? பொறுங்கள். சர்க்கார் அச்சிட்ட ஒரு புத்தகமும் வீடு தேடி வரும். 2016-ம் வருஷத்துப் புத்தகத்தில் 224 பக்கங்கள்! கதைப் புத்தகம் அல்ல. அத்தனையும் 17 கேள்விகளைப் பற்றிய விளக்கம்.

நம் ஊரில் ஓட்டுப் போடுவதென்றால் ஆளைப் பொறுக்குவதோடு சரி. சட்டம் செய்வது அவர் பாடு. அங்கேயோ சட்டத்தையே நீட்டி, "சம்மதமா, இல்லையா?" என்று கேட்கிறார்கள். சில கேள்விகளைச் சட்டசபை அனுப்பும். சிலவற்றை ஜனங்களே கையெழுத்துத் திரட்டிக் கிளப்பலாம். புதுச் சட்டம் வேண்டுமானால், முந்தைய கவர்னர் தேர்தலில் விழுந்த ஓட்டுக்களில் நூற்றுக்கு 5 பங்கு கையெழுத்து வேண்டும். அரசியல் சட்டத்தையே திருத்துவதானால் 8 பங்கு. கூலிக்கு ஆள் அமர்த்திக் கடை வாசல்களில் கையெழுத்து வாங்குவதும் உண்டு. ஜனங்களின் கேள்வி சில சமயம் பணப்பையின் கேள்வியாகிவிடுவது இப்படித்தான்.

மளிகைப் பையின் கதையைக் கேளுங்கள். 2014-ல் சட்டசபை, கடைகளில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. காகிதப் பை வேண்டுமானால் குறைந்தது 10 சென்ட் கொடுக்க வேண்டும். பை தயாரிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? கையெழுத்துத் திரட்டினார்கள், சட்டம் நின்றுவிட்டது. 2016 நவம்பரில் 67-ம் நம்பர் கேள்வியாக அது சீட்டில் ஏறியது.

இங்கேதான் சங்கடம். "எனக்குப் பை வேண்டும்" என்று நினைக்கிற அம்மாள் 'ஆம்' என்று குறி போட்டால், போயிற்று பை! ஏனென்றால், 'ஆம்' என்றால் சட்டம் இருக்கட்டும் என்று அர்த்தம். பை வேண்டுமென்றால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். போதாததற்கு, அந்த 10 சென்ட் யாருக்குச் சேர வேண்டும் என்று 65-ம் நம்பரில் வேறொரு கேள்வி! கடைசியில் 67 ஜயித்தது, 65 தோற்றது.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் ஜனங்களே ஒரு கேள்வியின் மூலம் 2010 ஜூனில் மாற்றிக்கொண்டார்கள். அதற்கு முன், 'பிரைமரி' என்ற முதல் சுற்றில் ஒவ்வொரு கட்சியின் அபேட்சகரையும் தனித்தனியே பொறுக்குவார்கள். இப்போது எல்லோரும் ஒரே சீட்டில் நிற்கிறார்கள். முதல் இரண்டு இடம் பெறுகிறவர்கள், எந்தக் கட்சியானாலும், நவம்பர் போட்டிக்குப் போகிறார்கள். (ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டும் இது கிடையாது.) 2016-ல் ஸெனட் ஸ்தானத்துக்கு 34 பேர் நின்றார்கள். மிஞ்சிய இருவரும் பெண்கள். இருவரும் டெமாக்ரடிக் கட்சி! ஜயித்தவர், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் தங்கள் கட்சி ஆளே சீட்டில் இல்லாத ரிபப்ளிகன்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இவ்வளவு தலைவலி எதற்கு என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது, 1911-ம் வருஷத்துச் சமாசாரத்தைப் படிக்கும் வரையில். கையெழுத்துத் திரட்டிக் கேள்வி கிளப்பும் உரிமை, கவர்னர் ஹிராம் ஜான்ஸன் காலத்தில், அவ்வருஷம் அக்டோபர் 10-ந் தேதி ஓட்டெடுப்பில் வந்தது. அதே நாளில் சட்டசபை இன்னொரு கேள்வியும் அனுப்பியிருந்தது: பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா? பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் ஆண்கள். 1896-ல் இதே கேள்விக்கு அவர்கள் 'இல்லை' என்று சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவையும் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரம் கையை விரித்தது. பெண்கள் தோற்றார்கள் என்றே பத்திரிகைகள் எழுதிவிட்டன. பிறகு கிராமத்து ஓட்டுக்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. எண்ணி முடித்தபோது, ராஜ்யம் முழுவதிலும் சேர்த்து 3,587 ஓட்டு அதிகம் பெற்றுப் பெண்கள் ஜயித்திருந்தார்கள்.