கைக்கடிகாரத்தின் ஊழியம்

சென்ற ஆடித்திங்களில் ஓரிரவு எம் விடுதியின் மேன்மாடத்தில் ஒரு வழக்கு நடந்தது. கைப்பேசியைத் தொட்ட மாத்திரத்தில் நொடி பிசகாத நேரம் தெரியும் இந்நாளில், பல பதினாயிரம் ரூபாய் பெறுமான கைக்கடிகாரமொன்றை மாணவனொருவன் நாடோறும் அணிந்து திரிதல் ஆடம்பரமோ, அன்றோ என்பதே வழக்கு. குற்றஞ்சாட்டப்பட்டவன் யான், சான்றுப்பொருள் என் இடக்கையிற் கிடந்தது. அன்று யான் கூறிய விடை எனக்கே போதாதெனப் பின்னர்த் தோன்றியமையின், அத்தகைய கடிகாரத்தோடு வாழ்தலாவது யாது என்பதை இங்குச் சற்று விரித்தெழுதத் துணிந்தேன்.

அக்கடிகாரம் சுவிட்சர்லாந்து நாட்டு ஒமேகா. 1848ஆம் ஆண்டில் லூயி பிராண்டு என்பார் தொடங்கிய சிறு பட்டறை, 1894இல் தான் இயற்றிய கடிகாரப் பொறியொன்றுக்கு இட்ட பெயர் அது. வெளிப்படுத்தின விசேஷத்தை வாசித்தோர்க்கு அவ்வெழுத்தின் பெயர் புதியதன்று. எங்கள் கடிகாரம் அக்கம்பெனியார் 1948இல் வெளியிடத் தொடங்கிய ஸீமாஸ்டர் என்னும் வரிசையைச் சேர்ந்தது. தானே சாவி ஏறும் வகையினது. ஏலத்தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாயிருந்த என் பாட்டனார்க்கு, அத்தோட்டத்தின் உடைமையாளர் 1974ஆம் ஆண்டு தம் கையினின்று கழற்றிக் கொடுத்தது. அவ்வாறன்றி எங்கள் குடும்பத்தார் அத்தகைய பொருளை விலைகொடுத்து வாங்கியிருத்தல் இயலாது.

நேரமறிதல் எல்லார்க்கும் எளிதாயிருந்த காலம் மிகவும் அண்மையது. முல்லைப்பாட்டிலே, பாசறையில் தங்கிய அரசனுக்கு நாழிகைக் கணக்கர் கன்னல் என்னும் நீர்க்கருவி கொண்டு பொழுதளந்து கூறும் செய்தியைக் காண்கின்றோம். நாளொன்றுக்கு நாழிகை 60. நாழிகையொன்று நம் கணக்கில் 24 நிமிடம். பொழுதை அளப்பது ஒரு சிலர்க்குத் தொழில். அவர் கூறியதை நம்புவது ஏனையோர் கடன். இவ்வேற்பாடு பண்டைக் காலத்தோடு ஒழிந்ததென்று பாடங்கேட்டபோது கருதினேன். என் பாட்டனார் கதையைக் கேட்ட பின்னரே அது நேற்றுவரை எம் மலைமேல் இருந்ததென்று உணர்ந்தேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு மேற்கே நிற்கும் மலையே ஒரு பெருங்கடிகாரம். கீழே கம்பம், சின்னமனூர் வயல்களில் மாலை வெயில் இருக்கவேண்டிய நேரத்திலேயே மலைநிழல் வந்து விழுந்துவிடும். பள்ளத்தாக்கிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் பணிக்குச் செல்வோர் இன்றும் பலர். மேலே சென்றுவிட்டாலோ நிழலைக் கொண்டு பொழுதறிதல் ஆகாது. ஏலச்செடி தானே நிழல்விரும்பி. ஓங்கிய மரங்களின் அடியிலே வளர்வது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பல நாள் கதிரவனையே காணவியலாது, மூடுபனியும் தூறலுமே. அங்கே வேலை தொடங்கும் நேரத்தையும், கஞ்சிக்கு விடும் நேரத்தையும், கூடையை இறக்கி நிறுக்கும் நேரத்தையும் முடிவு செய்தது ஒருவர் மணிக்கட்டிற் கிடந்த கருவி.

இனி, வெயிலுள்ள நாட்களிலும் ஒரு சிக்கலுண்டு. இந்தியா முழுமைக்கும் ஒரே பொதுநேரம் 1906ஆம் ஆண்டு தொடங்கி வழங்குகிறது. அதற்கு முன்னர் இருப்புப்பாதையார் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தையே பெரிதும் கைக்கொண்டனர். பொதுநேரத்துக்கு அடிப்படையாகக் கொண்ட நெடுங்கோடு கிழக்கு 82½ பாகை. தேனியோ ஏறத்தாழ 77½ பாகையிலுள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாக ஐந்து பாகைக்கு 20 நிமிடம். ஆகவே எம்மூரிற் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி 12 அன்று, சராசரியாக 12.20. அதுவும் ஆண்டு முழுதும் ஒரேபடியாய் நில்லாது. நவம்பர்த் தொடக்கத்தில் 12.04 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.34 அளவிலும் உச்சிப்பொழுது நேரும். பூமி கதிரவனைச் சுற்றும் வேகம் ஒரு சீராயில்லாமையும் அதன் அச்சின் சாய்வுமே இதற்குக் காரணம். நிழலைப் பார்த்துப் பழகிய முதியோர்க்கும் கடிகாரத்தைப் பார்த்துப் பழகிய கணக்கப்பிள்ளைக்கும் எத்தனை வாக்குவாதம் நிகழ்ந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க. இருபாலாரும் மெய்யே கூறினர் என்பதுதான் இதில் வேடிக்கை.

கருவியின் உள்ளமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். உள்ளே ஒரு சுருள்வில் உண்டு. அது சுருட்டப்பட்டு, அவிழும்போது பற்சக்கரங்களை ஓட்டுகிறது. அவை தறிகெட்டு ஓடாதபடி தடுத்துத் தடுத்து விடுவது சமன்சக்கரம்; அதனை இப்புறமும் அப்புறமும் ஆட்டுவது மயிரிழை போன்ற மற்றொரு சுருள். எங்கள் கடிகாரத்தில் அவ்வாட்டம் மணிக்கு 19,800, நாளொன்றுக்கு 4,75,200. இத்தனை அசைவையும் தாங்கும் அச்சுக்களின் முனைகள் தேயாதிருக்கச் செயற்கை மாணிக்கக் கற்களில் அவற்றைப் பொருத்தியிருப்பர். பின்புறத்திலே பிறைவடிவான கனத்த தகடொன்று கை அசையுந்தோறும் சுழன்று வில்லை இறுக்கும். கைக்கடிகாரத்தில் இவ்வமைப்பை முதலில் வெற்றியுற நிறுவியவர் ஆங்கிலேயராகிய ஜான் ஹார்வுட், காலம் 1923-24. முழு வட்டமாய்ச் சுழலும் தகட்டை 1931இல் ரோலெக்ஸ் கம்பெனியார் கொணர்ந்தனர்.

இதனால் விளையும் உண்மை ஒன்று. இவ்வகைக் கடிகாரம் அணிந்தால் ஓடும். பெட்டியில் வைத்தால் நிற்கும். முழுதும் சாவி ஏறிய எங்கள் கடிகாரம் கழற்றி வைத்தபின் 50 மணி நேரம் போலத் தாக்குப்பிடிக்கும். சனிக்கிழமை மாலை மேசைமேல் வைத்தால் திங்கள் இரவு நின்றிருக்கும். ஆண்டுக்கணக்கில் நின்று கிடப்பின் உள்ளிருக்கும் எண்ணெய் கெட்டியாகும். அதன்பின் அப்படியே ஓட்டினால் அச்சு தேயும். பாட்டனார் மறைந்தபின் என் தாயார் அதனைப் பட்டுத்துணியிற் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்றாண்டு கழிந்தது. நான் கல்லூரிக்குப் புறப்பட்ட ஆண்டில் அதனை எடுத்து என் கையிற் கட்டியவர் பாட்டியார். தாயார் தடுத்தபோது, "எஜமான் கொடுத்த தாலந்தை மண்ணிலே புதைத்தவன் கதையை ஞாயிறுதோறும் கேட்டும் உனக்கு விளங்கவில்லையே, அம்மா!" என்றார் அவர். உபதேசியார் இவ்வுவமைக்கு இப்படியொரு பொருள் கூறக் கேட்டதில்லை. எனினும் கடிகார நூலோர் அதனை மறுக்கமாட்டார்.

நுண்மையில் இக்கருவி கைப்பேசிக்கு ஈடாகாது. இதனை மறைத்துப் பயனில்லை. சுவிட்சர்லாந்தில் நுட்பச் சான்று பெறும் பொறிக்கடிகாரமே நாளொன்றுக்கு 4 விநாடி பிந்தவும் 6 விநாடி முந்தவும் அங்குள்ள சோதனைக் கழகத்தார் இடங்கொடுக்கின்றனர். குவார்ட்ஸ் கடிகாரத்திலோ ஒரு கல் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. சில நூறு ரூபாய்க் கடிகாரமும் ஒரு திங்களில் அரை நிமிடம் பிசகுவது அரிது. அவ்வகைக் கைக்கடிகாரத்தை 1969இல் ஜப்பானியராகிய ஸெய்க்கோ கம்பெனியார் விற்கத் தொடங்கியபின் சுவிட்சர்லாந்துத் தொழிலே ஆட்டங்கண்டது. நம் நாட்டில் 1961 முதல் கைக்கடிகாரம் செய்துவந்த எச். எம். டி. கம்பெனியின் கடிகாரப் பிரிவும் 2016இல் மூட முடிவு செய்யப்பட்டது. தமிழ்நாட்டிலேயே ஓசூரில் டைட்டன் கம்பெனியார் 1.15 மில்லிமீட்டர் கனமே உள்ள பொறியை இயற்றி, 2002இல் எட்ஜ் என்னும் மெல்லிய கடிகாரத்தை வெளியிட்டனர். நண்பர்கள் எனக்கு எதிராக எடுத்துக்காட்டியது அதனையே. அஃது உள்ளபடியே அழகிய பொருள்தான்.

ஆனால் பிசகுங் கருவியை வைத்திருப்பவன் அப்பிசகுக்குப் பொறுப்பாளியாகிறான். இதனைப் பாட்டனார் நன்கறிந்திருந்தார். நாளொன்றுக்கு 10 விநாடி முந்தும் கடிகாரத்தைத் திருத்தாது விட்டால் ஒரு திங்களில் 5 நிமிடம் ஆகும். காலையில் வந்தவர்களைக் காலந்தாழ்ந்தார் எனத் திருப்பியனுப்ப 5 நிமிடம் போதும். பிந்தும் கடிகாரமாயின் மாலையில் வீடு திரும்ப விடுவது 5 நிமிடம் தாழும். முப்பது பேர் வேலை செய்யுமிடத்தில் அது இரண்டரை மணி நேர உழைப்பு. கேட்பாரில்லை, அறிவாருமில்லை. ஆகவே அவர் நாடோறும் விடியலில் வானொலியின் நேர ஒலிக்குறிக்கு முள்ளைத் திருத்திய பின்னரே ஜெபத்துக்கு அமர்வாராம். ஒரு சிறு குறிப்பேட்டில் எத்தனை விநாடி முந்திற்று, எத்தனை பிந்திற்று என்று எழுதியும் வைத்திருந்தார். மலையில் வானொலி கேளாத மழைநாட்களில் "இன்று திருத்தவில்லை" என்று எழுதி, அன்று மாலை ஐந்து நிமிடம் முன்னதாகவே வேலையை நிறுத்தியதாகவும் குறித்திருக்கிறார். அக்குறிப்பேடுகள் பதினொன்று எங்கள் வீட்டிலுள்ளன. கடிகாரத்தைக் கொடுத்த உடைமையாளர்க்கு அவ்வைந்து நிமிடக் கணக்குத் தெரியுமோ என்று பாட்டியாரை வினவினேன். அவர் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

இனி, நாளும் அணிவோன் கவனிக்க வேண்டியவை. எம் பக்கத்து வெயிலிலும் வியர்வையிலும் தோற்பட்டை ஓராண்டுக்கு மேல் நில்லாது. மழையில் நனைந்தால் நாறும். பழங்கடிகாரத்தில் நீர் புகாது காக்கும் ரப்பர் வளையம் இறுகிப் போயிருக்குமாதலின், முகப்பில் எத்தகைய வாக்குறுதி எழுதியிருப்பினும் அதனோடு சுருளி அருவியில் இறங்குதல் பேதைமை. ஐந்து முதல் எட்டு ஆண்டுக்கொருமுறை முழுதும் பிரித்துத் துடைத்து எண்ணெயிடல் வேண்டும். அதற்கான கூலி என் ஒரு திங்கள் விடுதிச் செலவை ஒக்கும். எல்லாவற்றினும் இக்காலத்துக்குரிய இடர் காந்தம். ஒருமுறை கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று நிமிடம் முந்தத் தொடங்கியது. தேனியிற் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அதனைத் திறவாமலே ஒரு திசைகாட்டியின் அருகே கொண்டுசென்றார், ஊசி துள்ளிற்று. இரவில் நான் கைப்பேசியின் ஒலிபெருக்கிமேல் அதனை வைத்துறங்கியதன் பயன் அது. மயிரிழைச் சுருளின் வளையங்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளின் அதன் நீளம் குறைந்தாற்போலாகி ஆட்டம் விரையும். காந்தம் நீக்கும் சிறு கருவியால் அரை நிமிடத்தில் அவர் அதனைச் சீராக்கிப் பத்து ரூபாயும் வாங்க மறுத்தார்.

எல்லாரும் அவர்போல்வார் அல்லர். அதற்கு முந்திய ஆண்டு வேறோர் ஊரில் ஒரு கடையில் எண்ணெயிடக் கொடுத்தேன். கேளாமலே கூட்டினை மெருகேற்றிப் புதிதுபோற் பளபளக்கத் தந்தனர். பின்மூடியில் உடைமையாளர் பாட்டனார் பெயரைத் தமிழில் வெட்டுவித்திருந்தார். மெருகென்பது உலோகத்தைத் தேய்த்து எடுத்தலேயாதலின், எழுத்துக்களின் மேற்பாதி தேய்ந்து போயிற்று. கீறல்களும் போயின. அவற்றுள் ஒன்று ஏலக்காய் உலர்த்தும் அறையின் இரும்புக் கதவில் உரசியது என்று பாட்டியார் காட்டுவார். அன்று வீட்டுக்குச் சென்றபோது அவர் கடிகாரத்தை விரலால் தடவிப் பார்த்து, "யாருடையது இது?" என்று கேட்டார். கண்பார்வை மங்கியவர் கேட்ட அக்கேள்விக்கு விடை கூற எனக்கு நெடுநேரம் ஆயிற்று. பழங்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் நண்பர்காள், "மெருகு வேண்டா" என்று எழுதிக் கொடுங்கள். வாயாற் சொன்னால் போதாது.

விடுதி வழக்கில் என்மேற் சாட்டிய குற்றத்தில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மதுரை செல்லும் பேருந்தில் சட்டைக் கையை இழுத்து அதனை மறைத்துக்கொள்வதுண்டு. வகுப்பில் சற்றே மடித்துவிடுவதும் உண்டு. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். பாட்டனாரோ கையை நீட்டியே வைத்திருப்பாராம். தோட்டத்திற் காய் எடுக்கும் பெண்கள் எவர் வேண்டுமாயினும் வந்து முள்ளைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். எழுத்தறியாதார்க்குச் சிறிய முள் எங்கே நின்றால் கஞ்சி, எங்கே நின்றால் வீடு என்று கற்பித்திருந்தார். அவ்வாறு கற்றவருள் ஒரு மூதாட்டியார் கோம்பையில் இருக்கிறார். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையிற் கண்டபோது என் கையைப் பிடித்துத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நாலடிக்கப் பத்து நிமிசம் இருக்கு" என்றார். என் கைப்பேசியில் 3.49. எங்கள் கடிகாரம் ஒரு நிமிடம் முந்தியிருந்தது. நான் இரண்டு வாரமாகத் திருத்தவில்லை. பன்னிரண்டாவது குறிப்பேட்டை அன்றிரவு வாங்கினேன்.