ஸ்போர்ட்ஸ் காரும் அதன் புலப்படாச் செலவும்

நம் கலாசாலையின் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற கோடை விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தார். உத்தியோகத்தில் நன்னிலை எய்தியவர். ஐந்தாண்டுகளாக ஆயிரம் கனசென்டிமீட்டருக்கு உட்பட்ட எஞ்சினுடைய சிறு கார் ஒன்றை யாதொரு விபத்துமின்றி ஓட்டி வருபவர். அதனை விற்றுவிட்டு, ஏறக்குறைய ஐம்பது லக்ஷம் ரூபாய் விலையுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கக் கருதியிருப்பதாகக் கூறினார். "விலையைச் சேர்த்துவிட்டேன், ஐயா. இனிப் பெட்ரோல் செலவு ஒன்றுதானே!" என்று அவர் மகிழ்ச்சியோடு உரைத்தபோது, அம்மகிழ்ச்சியைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்கிடத் தொடங்கினோம். அக்கணக்கு வேறு சிலர்க்கும் பயன்படக்கூடுமென்று எண்ணி இங்கு வரையலானேன்.

முதற்கண், இன்ஷியூரன்ஸ் என்பது ஒரே பொருளன்று. இரண்டு வேறு பொருள்கள் ஒரே தாளில் அச்சாகி வருகின்றன. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்திற்கும் பொருட்சேதத்திற்கும் ஈடு செய்வது. இது 1939-ஆம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டத்திலேயே இடம் பெற்று, 1946 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ்க் கட்டாயமாக இருந்து வருகின்றது. இதன் பிரீமியத்தை அரசாங்கமே விதிக்கின்றது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த விகிதப்படி, ஆயிரம் கனசென்டிமீட்டருக்கு உட்பட்ட காருக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 2,094, ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டதற்கு ரூ. 7,897. புதுக் காருக்கு மூன்றாண்டுத் தொகையை ஒருங்கே கட்டவேண்டுமாதலின், பெரிய எஞ்சினுக்கு அது ரூ. 24,596 ஆகின்றது. ஐம்பது லக்ஷம் கொடுப்பவர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. இப்பகுதியை விரைவில் கடந்துவிட்டோம்.

இடர்ப்பாடெல்லாம் இரண்டாவது பகுதியில், அதாவது நம் வண்டிக்கே நேரும் சேதத்திற்குரிய இன்ஷியூரன்ஸில் உள்ளது. இதற்கு நாம் செலுத்தும் பிரீமியம் வண்டியின் மதிப்பைப் பற்றியே நிற்கும். அம்மதிப்பை ஐ.டி.வி. என்னும் மூன்றெழுத்தால் குறிப்பர். வண்டி களவு போயினும், பழுது பார்க்கும் செலவு இம்மதிப்பில் நூற்றுக்கு 75-ஐ மீறுமளவு சிதைந்து போயினும், நமக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை இதுவே. நாம் கொடுத்த விலை அன்று. உற்பத்தியாளர் குறித்த விற்பனை விலையினின்றும் ஆறு மாதத்திற்குள் நூற்றுக்கு 5, ஓராண்டிற்குள் 15, இரண்டாண்டிற்குள் 20, மூன்றாண்டிற்குள் 30, நான்காண்டிற்குள் 40, ஐந்தாண்டிற்குள் 50 என்று தேய்மானம் கழிக்கப்படும். பதிவுச் செலவும் சாலை வரியும் இம்மதிப்பில் சேரா.

இங்கேதான் நண்பர் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, இருபது லக்ஷத்திற்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுட்கால வரி நூற்றுக்கு 20. ஐம்பது லக்ஷத்திற்குப் பத்து லக்ஷம்! அவருடைய சிறு காரின் விலையைக் காட்டிலும் இவ்வரி பெரிது. வண்டி மூன்றாம் மாதத்தில் அழிந்துபோனால் இன்ஷியூரன்ஸ் நாற்பத்தேழரை லக்ஷமே தரும். வரியாகப் போன பத்து லக்ஷம் போனதுதான். கடன் வாங்கி வாங்கியவராயின், வண்டி இல்லாமற்போன பின்னும் பாங்கியின் தவணை மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும். இக்குறையை நீக்கப் பட்டியல் விலையையே திரும்பத் தரும் தனிச்சேர்க்கை ஒன்றும், பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புக்களுக்குப் பாதி விலையைக் கழிக்கும் விதியை நீக்கும் தனிச்சேர்க்கை ஒன்றும் தனிப் பிரீமியத்திற்குக் கிடைக்கின்றன. முன்புற பம்பர் முழுதும் பிளாஸ்டிக்காகவும் தரையைத் தொடுமளவு தாழ்ந்தும் இருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னது வீண்செலவு என்று யான் கருதவில்லை. நம் ஊர்த் தெருக்களின் வேகத்தடைகளை அறிந்தவர் எவரும் கருதார்.

இனிப் பிரீமியத்தின் அளவு. 2007 ஜனவரி முதல் இதனை ஒவ்வொரு கம்பெனியும் தானே நிர்ணயித்துக்கொள்கின்றது. ஆதலின் ஒரே வண்டிக்குப் பல விகிதங்கள் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் அதற்கு முன்னிருந்த பொது விகிதத்தை அளவுகோலாகக் கொண்டோம். சென்னை போன்ற பெருநகரில், ஐந்தாண்டுக்கு உட்பட்ட சிறு எஞ்சின் காருக்கு மதிப்பில் 3.127 சதவீதமும், ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டதற்கு 3.440 சதவீதமும் அன்று வழங்கின. விகிதத்தில் வேற்றுமை சிறிதே. ஆனால் நான்கு லக்ஷம் மதிப்புள்ள சிறு காருக்கு ரூ. 12,508 என வருவது, நாற்பத்தேழரை லக்ஷத்திற்கு ரூ. 1,63,400 ஆகிவிடுகின்றது.

இவ்விடத்தில் நண்பர்க்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. அவர் அதனை அறிந்திலர். ஈடு கோராது கழிந்த ஆண்டுகளுக்கு நோ க்ளெயிம் போனஸ் என்னும் சலுகை உண்டு. அது முதலாண்டிற்கு நூற்றுக்கு 20 ஆகத் தொடங்கி, 25, 35, 45 என வளர்ந்து, ஐந்தாம் ஆண்டில் 50 ஆகி நிற்கும். இச்சலுகை வண்டியைச் சேர்ந்ததன்று, வண்டிக்குடையவரைச் சேர்ந்தது. ஆதலின் பழைய காரை விற்கும்போது, அதனை வாங்குவோர்க்கு விட்டுவிடாமல், தம் கம்பெனியிடம் சான்றுக் கடிதம் பெற்றுப் புதுக் காருக்குக் கொண்டு செல்லலாம். மூன்றாண்டுவரை அக்கடிதம் செல்லும். சிறு காரில் ஆறாயிரத்துச் சொச்சம் மிச்சமாக்கிய அதே சலுகை, புதுக் காரில் எண்பத்தோராயிரத்திற்கு மேல் மிச்சமாக்கும். ஐந்தாண்டு நிதானமாக ஓட்டியதன் முழுப் பயனும் பெரிய காரில்தான் விளைகின்றது என்பது வியப்பே. ஆனால் மறுபுறமும் உண்டு. கண்ணாடியில் ஒரு கீறலுக்கென்று ஈடு கோரினால், அடுத்த ஆண்டு அச்சலுகை முழுதும் நீங்கும். ஆகவே பதினையாயிரம் ரூபாய்ப் பழுதுக்கு இன்ஷியூரன்ஸை நாடுவது, ஸ்போர்ட்ஸ் கார் உடையவர்க்குப் பெரும்பாலும் நஷ்டமே.

"இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கவேண்டும்" என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பத்திரத்தின் இறுதியில் சிற்றெழுத்தில் இருப்பதை எடுத்துக் காட்டினேன். பந்தயத்திற்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்துங்கால் இன்ஷியூரன்ஸ் செல்லாது. அவ்வாறே, புகைபோக்கியையும் எஞ்சினையும் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டு கம்பெனிக்கு அறிவியாதிருப்பதும் பின்னர் ஈடு கோரும்போது வழக்கிற்கு இடமாகும். எதன்பொருட்டு இவ்வகைக் காரை விரும்புகின்றனரோ, அதனையே பத்திரம் விலக்கிவைக்கின்றது.

அடுத்தது மறுவிற்பனை. புதுக் கார் கடையைவிட்டு வெளியேறிய மறுநாளே ஏன் விலை தாழ்கின்றது என்பதற்கு அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாப் 1970-இல் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. பழுதுள்ள காரை அந்நாட்டார் எலுமிச்சை என்று பரிகாசமாக வழங்குவர். விற்பவர்க்கு வண்டியின் குணங்குற்றம் தெரியும், வாங்குபவர்க்குத் தெரியாது. அந்த ஐயத்தின் விலையையும் சேர்த்தே வாங்குபவர் குறைத்துக் கேட்கின்றார். ஆகவே நல்ல வண்டி வைத்திருப்பவரும் எலுமிச்சைக்குரிய விலையை நோக்கி இழுக்கப்படுகின்றார். 2001-இல் இவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் இவ்வையம் இருமடங்காகும். வேகமாக ஓட்டப்பட்டதோ, முன்னர் மோதியதோ என்று எவரும் கேட்பர். மேலும், இரண்டு இருக்கையுள்ள தாழ்ந்த வண்டியை இரண்டாங்கையாக வாங்க விரும்புவோர் ஒரு நகரத்தில் எத்துணைப்பேர் இருப்பர்? சிறு காருக்கு ஒரு வாரத்தில் பத்துப்பேர் வருவர். இதற்கோ ஒருவரைப் பல மாதம் எதிர்பார்க்கவேண்டும், அவசரத்தில் விற்பவர் அவ்வொருவர் சொன்ன விலைக்கே இணங்கவேண்டும்.

அரசாங்கத்தின் ஒரு கையெழுத்தும் நம் வண்டியின் விலையை மாற்றிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களின்மீது ஜி.எஸ்.டி.யும் மேல்தீர்வையுமாக இருந்த சுமை 40 சதவீதமாகக் குறைந்தது; சிறு கார்களுக்கு 18 ஆயிற்று. புதுக் கார் வாங்குவோர் மகிழ்ந்தனர். ஆனால் புதியதன் விலை தாழுமிடத்துப் பழையதன் விலை மட்டும் நிற்பதெங்ஙனம்?

சில ஸ்போர்ட்ஸ் கார்கள் காலஞ்செல்ல விலையேறுவனவாயிற்றே என்று நண்பர் தடுத்தார். உண்மைதான். 1962-இல் செய்யப்பட்ட பெர்ராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 2018-இல் கலிபோர்னியாவில் 4 கோடியே 84 லக்ஷம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஆனால் அவ்வகையில் செய்யப்பட்டவை முப்பத்தாறே. கடையில் நிறந்தெரிந்து வாங்கும் வண்டிக்கு அதனை உவமை கூறுதல் பொருந்தாது.

மூன்றாண்டு முடிவில், இன்ஷியூரன்ஸ் அட்டவணை கூறும் முப்பத்தைந்து லக்ஷத்திற்கே அவ்வண்டி விலைபோவதாகக் கொண்டோம். இஃது அனுமானமே, சந்தை இதனினும் தாழலாம், உயரவுங்கூடும். விலையில் நஷ்டம் பதினைந்து லக்ஷம். சாலை வரி பத்து லக்ஷம். பாதிச் சலுகை மூன்றாண்டும் குலையாதெனக் கொண்டாலும் சொந்தச் சேதப் பிரீமியம் ரூ. 2,24,000, கட்டாயப் பகுதி ரூ. 24,596. பிரீமியத்தின்மீதுள்ள வரியைச் சேர்க்காமலே மொத்தம் இருபத்தேழரை லக்ஷத்தை ஒட்டி வந்தது. முப்பத்தாறு மாதத்தால் வகுக்க, மாதம் ரூ. 76,000-க்கு மேல். பெட்ரோலும், டயரும், பழுதும், வட்டியும் இதில் இல்லை. வண்டி கொட்டகையில் நின்றாலும் இத்தொகை ஓடிக்கொண்டே இருக்கும். நண்பர் அந்த எண்ணை இருமுறை சுழித்துவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தார்.

பழைய காரைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல நேர்ந்தது. அதனைத் தம் தெருவிலுள்ள தரகரிடம் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்டால் போதுமென்று அவர் கருதியிருந்தார். 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், வண்டி கைக்குக் கை பலர்பால் விற்கப்பட்டுச் சென்றிருந்தும், பதிவேட்டில் எவர் பெயர் நின்றதோ அவரே விபத்துக்கு ஈடு செலுத்தக் கடவர் என்று முடிவாயிற்று. இன்ஷியூரன்ஸ் பத்திரம் காலாவதியான பின் அவ்வண்டி ஒருவர்மேல் மோதினால், விற்றுவிட்டுப் புதுக் காரில் உலாவும் பழைய உடையவர் வீட்டுக்கே நீதிமன்றக் கடிதம் வரும். சட்டப்படி, ஒரே மாகாணத்திற்குள் விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் பதிவதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். வாங்கியவரும் பதினான்கு நாட்களுக்குள் இன்ஷியூரன்ஸைத் தம் பெயர்க்கு மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும்.

அவர் ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவாரோ, விடுவாரோ அறியேன். விடைபெறுங்கால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் எழுதிய கடிதத்தில், நோ க்ளெயிம் போனஸ் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டதாகவும், தரகர் பெயர்மாற்றப் படிவத்தில் கையொப்பமிடும்வரை காரின் சாவியைக் கொடுக்கப்போவதில்லையென்றும் குறித்திருந்தார்.